ஆங்கிலம் கற்கும் மாணவரை எப்படி அழைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றுவரும் மாணவர்களைக் கூட்டாட்சிச் சட்டம் நெடுங்காலம் 'ஆங்கிலத் திறன் குறைந்தோர்' என்றே குறித்துவந்தது. 2015ஆம் ஆண்டின் கல்விச் சட்டம்தான் அதை 'ஆங்கிலம் கற்போர்' என மாற்றியது. 2021இல் டெக்சாஸ் மாநிலம் 'இருமொழியாளராக உருவாகிவருவோர்' என்னும் பெயரைத் தன் சட்டத்தில் ஏற்றது. வீட்டில் ஸ்பானியமோ தமிழோ பேசும் குழந்தைக்கு ஏற்கெனவே ஒரு மொழி உண்டு என்பதை இம்மூன்றில் இது ஒன்றே ஒப்புக்கொள்வதால், பிற மாநிலங்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆயினும், பெயர் மாற்றம் மட்டும் போதாது: மொழி புரியாத மாணவருக்கு மற்றவர்களுக்குரிய அதே பாடநூலையும் ஆசிரியரையும் தருவது சமவாய்ப்பு ஆகாது என்று, சான் பிரான்சிஸ்கோவின் சீன மாணவர்கள் தொடுத்த லாவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1974இலேயே தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே பெயரை மாற்றும் மாநிலங்கள் இருமொழி ஆசிரியர்களையும் போதிய அளவில் அமர்த்தியாக வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்