வினைச்சொற்களைப் பற்றி மகளுக்கு

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். உன் அறிக்கைகளில் ஒரே ஆங்கில வினைச்சொற்கள் திரும்பத் திரும்ப வருவதாக மான்செஸ்டரில் உன் மேலதிகாரி சொன்னதையும், அதற்காக நீ பொருளொத்த வினைச்சொற்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு இரவுதோறும் இருபது சொற்களை மனப்பாடம் செய்வதையும் எழுதியிருந்தாய். தொலைபேசியில் பேசத் தொடங்கினால் பாதியில் வேறு பேச்சு வந்துவிடுகிறது. ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன். உன் முயற்சி எனக்குப் பெருமைதான். அந்த மனப்பாட முறைதான் எனக்கு அச்சம் தருகிறது, ஏனென்றால் அதே வழியில் சென்று நான் ஒருமுறை நன்றாக அடிபட்டிருக்கிறேன்.

1984-இல் பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, சேர்ந்த புதிதில், சௌரஸ்தா மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் பொருளொத்த ஆங்கிலச் சொற்களைத் தொகுத்துத் தரும் ரோஜட்டின் தெசாரஸ் ஒன்றை வாங்கி, அதிலிருந்தும் வேறு நூல்களிலிருந்தும் பட்டியல் தயாரித்து உருப்போட்டேன். சில அரிசி மூட்டைகள் நனைந்து இறங்கிய ஒரு கப்பலைப் பற்றிக் கடிதம் தட்டச்சு செய்தபோது, 'கேப்டன் சொன்னார்' என்பது மூன்றாவது முறையாக வந்துவிட்டதே என்று, 'சே' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'அட்மிட்' என்று போட்டேன். என் பட்டியலில் இரண்டும் ஒரே வரியில் இருந்தன. கேப்டன் தாம் கண்டதைச் சொன்னார். என் கடிதமோ அவர் தவற்றை ஒப்புக்கொண்டதாக ஆக்கிவிட்டது. இழப்பீடு கேட்க ஆள் காத்திருக்கும் இடத்தில் அந்த ஒரு சொல்லுக்கு என்ன விலை என்பதைத் தலைமைக் கிராணி, கடிதம் வெளியே போகுமுன் என்னை உட்காரவைத்து விளக்கினார். அன்று முகம் சிவக்கக் கேட்டதை இன்றுவரை மறக்கவில்லை.

'சே' என்ற சொல்லுக்கு ஈடாக உன் பட்டியல் தரும் ஒவ்வொன்றையும் இந்தக் கண்ணோடு பார். 'ஸ்டேட்' என்றால் முறைப்படி தெரிவித்தார் என்று பொருள். 'கிளெய்ம்' என்று எழுதினால், அவர் சொல்வதை நீ இன்னும் நம்பவில்லை என்ற சாயல் வந்துவிடும். 'பாயிண்ட் அவுட்' என்றாலோ, அவர் சொன்னது உண்மைதான் என்று நீயே கையெழுத்துப் போட்டதாக ஆகும். 'இன்சிஸ்ட்' என்றால் எதிரே ஒருவர் மறுத்திருக்க வேண்டும். மறுப்பவர் இல்லாத இடத்தில் அந்தச் சொல்லுக்கு வேலை இல்லை. பேசியவர் ஒருவர்தான், பேசிய சொற்களும் அவையேதான். ஆனால் நீ எடுக்கும் வினைச்சொல் அவரைப் பற்றிய உன் தீர்ப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. நடுநிலையோடு அறிக்கை எழுத வேண்டிய பொறியாளர் அறியாமலே கட்சி சேர்ந்துவிடுவது இப்படித்தான்.

இது நமக்குப் புதிய பாடமும் இல்லை, அம்மா. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் 'ஈ, தா, கொடு' என்ற மூன்றையும் பிரித்துக் காட்டுகிறது. ஒன்றைக் கேட்கும்போது, தாழ்ந்தவர் 'ஈ' என்றும், ஒத்தவர் 'தா' என்றும், உயர்ந்தவர் 'கொடு' என்றும் கேட்பார்கள் என்கிறது. பழைய தமிழ்ச் சொற்பொருள் நூலான திவாகர நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளில் ஒன்று செயல்பற்றிய பெயர்களுக்கே ஒதுக்கப்பட்டது. மலாயிலும் நீ இதைக் கண்டிருக்கிறாய்: 2017-இல், நீ ஐந்தாம் படிவத்தில் இருந்தபோது, கெடா சுல்தான் அப்துல் ஹலிம் மறைந்தார், அரசருக்கு உரிய 'மங்கட்' என்ற சொல்லை அன்று கேட்டிருப்பாய். பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்தால் 'மெனிங்கால்' என்போம். யாருக்கு எதைச் சொல்வது என்று உனக்கு யாரும் பட்டியல் போட்டுக் கற்பிக்கவில்லை.

ஆங்கிலத்தில் இந்தப் படிநிலை வந்ததற்கு வரலாறும் ஒரு காரணம். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் நெடுங்காலம் ஆள்வோர் மொழி பிரெஞ்சாக இருந்தது. கற்றோர் லத்தீனில் எழுதினார்கள். அதனால் 'ஆஸ்க்' என்ற மண்ணின் சொல்லோடு பிரெஞ்சு வழியாக வந்த 'கொஸ்டின்', லத்தீனிலிருந்து எடுத்த 'இன்டராகேட்' ஆகியவையும் நின்றுவிட்டன. மூன்றாவது சொல், காவல்துறையின் விசாரணை அறையை நினைவூட்டும். அதிலும் 'டிமாண்ட்' என்பதில் கவனமாக இரு. பிரெஞ்சில் அதன் மூலச்சொல்லுக்குக் கேட்டல் என்பதே பொருள். ஆங்கிலத்தில் அது மிரட்டலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. நீளமான சொல்லே உயர்ந்த சொல் என்று நம் பள்ளிகளில் ஒரு நம்பிக்கை இருந்தது, அது தவறு என்பது என் உறுதியான எண்ணம். உன் சக ஊழியர் 'ஃபைண்ட் அவுட்' என்று எழுதும் இடத்தில் நீ 'அசர்ட்டெய்ன்' என்று எழுதினால், நீ விலகி நிற்பதாகவே அவருக்குத் தோன்றும்.

பொருள் ஒத்திருந்தாலும் இலக்கணம் ஒத்துப்போகாத சொற்களும் உண்டு. 'டாக்' என்ற சொல்லுக்குப் பின் 'அபவுட்' வரும். 'டிஸ்கஸ்' அதை ஏற்காது. 'பற்றி' என்று தமிழில் நினைப்பதால் நாம் இரண்டுக்கும் சேர்த்துவிடுகிறோம். ஒருவரைப் போகும்படி 'அட்வைஸ்' செய்யலாம். 'சஜெஸ்ட்' என்ற சொல்லை அதே அமைப்பில் வைக்க முடியாது.

நீ அங்கே போனபின் கவனித்திருப்பாய், இங்கே நாம் பழகிய சில வினைச்சொற்களே அங்கே வேறு பொருள் தருகின்றன. விமான நிலையத்துக்குக் காரில் கொண்டுபோய் விடுவதை நாம் 'செண்ட்' என்போம், உடன் வருவதை 'ஃபாலோ' என்போம், தட்டுகளை அலமாரியில் எடுத்து வைப்பதை 'கீப்' என்போம். 'ஹந்தார்', 'ஈக்குட்', 'சிம்பான்' என்ற மலாய்ச் சொற்களின் தடம் அவற்றில் இருக்கிறது. வீட்டில் அப்படியே பேசு. அறிக்கையில் மட்டும் 'டேக்', 'கம் வித்', 'புட் அவே' என்று எழுது. இந்த எளிய சொற்களைச் சரியாக ஆள்வது உன் பட்டியலின் நூறு சொற்களைவிட உனக்கு உதவும்.

இரவில் இருபது சொற்களுக்குப் பதிலாக இரண்டு போதும். ஒவ்வொன்றையும் நீ படிக்கும் அறிக்கையிலோ நாளிதழிலோ கண்ட முழு வாக்கியத்தோடு ஒரு நோட்டில் எழுது. யார் யாரைப் பற்றிச் சொல்கிறார், பின்னால் எந்தச் சொல் வருகிறது என்பதையும் குறித்துக்கொள். மருத்துவர் ரோஜட் 1852-இல் தம் நூலை வெளியிட்டது, கருத்து மனத்தில் இருந்தும் உரிய சொல் கிடைக்காமல் தவிப்பவர்களுக்காக. சொல்லை அங்கே தேடி எடு. எடுத்தபின் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் உள்ள அகராதியில் ஒருமுறை சரிபார்.

நீ அனுப்பிய பக்கத்தைப் படித்தேன். முதல் பத்தியில் 'ஷோ' நான்கு முறை வருகிறது. சோதனை முடிவு ஐயமற்றதாக இருக்கும் இடத்தில் 'கன்ஃபர்ம்' என்றும், அது ஒரு குறிப்பு மட்டுமே தரும் இடத்தில் 'இண்டிகேட்' என்றும் மாற்றலாம்; எது எது என்பது உனக்குத்தான் தெரியும். பம்ப் அதிர்வதாக அதை இயக்குபவர் சொன்னார் என்ற வாக்கியத்தில் மட்டும் 'சே' அப்படியே இருக்கட்டும். மாற்றி எழுதியதை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு, நான் படித்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா