நாவல் பழக் கறைக்குத் திட்ட மாட்டோம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

வரும் திங்கள் முதல் காலை இன்டர்வெலில் பிள்ளைகள் பழம் சாப்பிடட்டும் என்று ஆசிரியர்கள் கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறோம். சிப்ஸ் பாக்கெட்டும் கலர் ஜூஸும் இனி பையில் வேண்டாம்.

பழம் என்றதும் ஆப்பிள் விலையை நினைத்து மலைக்காதீர்கள். ரம்புட்டான், மங்குஸ்தான் என்றும் தேடி அலைய வேண்டாம். அவை மலேயா பக்கத்து மழைக்காட்டுப் பழங்கள். குற்றாலத்தில் விளைந்தாலும் விலை நமக்குக் கட்டுப்படியாகாது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுப் பழமான பலா, தண்டையார்பேட்டையில் தள்ளுவண்டியிலேயே சுளை சுளையாகக் கிடைக்கிறது. நம் மாநிலப் பழமும் அதுதான். நார்ச்சத்து, பொட்டாசியம், வைட்டமின் சி எல்லாம் அதில் உண்டு. சுளையின் மஞ்சளுக்குக் காரணமான கரோட்டினிலிருந்து உடம்பு வைட்டமின் ஏ தயாரித்துக்கொள்ளும். ஒரு பிள்ளைக்கு மூன்று நான்கு சுளை போதும், இனிப்பு அதிகம். கொட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். குக்கரில் வேகவைத்து, தோலுரித்து, கொஞ்சம் உப்பு போட்டுக் கொடுத்தனுப்புங்கள். மாவுச்சத்தோடு புரதமும் கிடைக்கும். பச்சையாகத் தின்றால் வயிறு கெடும்.

அப்புறம் நாவல். நாக்கை ஊதாவாக்கும் அந்த நிறம் ஆந்தோசயனின். உடம்பின் செல்களைக் காக்க உதவும் சத்து. துவர்ப்பு, பழத்தில் உள்ள டானின் என்ற பொருளால் வருவது. மரத்தடியில் உதிர்ந்து மண்ணில் புரண்ட பழமாகவும் இருக்கும் என்பதால் வீட்டில் ஒருமுறை நன்றாக அலசிவிடுங்கள். வண்டிக்காரர் உப்பும் மிளகாய்த்தூளும் தாராளமாகத் தூவுவார், குறைக்கச் சொல்லுங்கள். எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்குக் கொட்டை நீக்கிய சதையை மட்டும் டப்பாவில் வையுங்கள். தொண்டையில் சிக்கினால் ஆபத்து. வெள்ளைச் சட்டையில் கறை பட்டால் வகுப்பில் யாரும் திட்ட மாட்டார்கள், வீட்டிலும் திட்டாதீர்கள்.

நாவல் கொட்டைப் பொடி சாப்பிட்டால் சுகர் ஓடிப்போகும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி, தாத்தா பாட்டியின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பழம் பழம்தான், மருந்து இல்லை. சுகர் உள்ளவர்கள் பலாச்சுளையை அளவோடு சாப்பிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பலாவைத் தொட வேண்டாம்.

இரண்டும் கிடைக்காத நாளில் வாழைப்பழமோ கொய்யாவோ போதும். வாங்க முடியாத நாளில் சும்மா அனுப்புங்கள், வகுப்பில் பகிர்ந்துகொள்வோம். ஏதாவது பழம் ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் வெள்ளிக்கிழமைக்குள் டைரியில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்