சூரியனின் மகுடம் குறித்து ஆச்சிக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆச்சி அவர்களுக்கு,

வணக்கம். 2019 டிசம்பர் 26 அன்று காரைக்குடியில் வளைய கிரகணம் தெரிந்தபோது, அட்டைத் துளை வழியே வளவின் ஆத்தங்குடிக் கல்லில் நெல்லிக்காய் அளவுகூட இல்லாத ஒளி மோதிரம் விழுந்ததே, படங்களில் காணும் வெண்மகுடம் மட்டும் அன்று ஏன் தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த மோதிரம்தான் காரணம். அன்று நிலா சற்றுத் தொலைவில் இருந்ததால் சூரியனை முழுதாக மூட முடியவில்லை; விளிம்பில் எஞ்சியது ஒளிமண்டலம், அதாவது நாம் அன்றாடம் சூரியன் என்று காணும், சுமார் 5,500 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள படலம். மகுடம், அதாவது சூரியனின் வெளி வளிமண்டலமாகிய கொரோனா, அதைவிடச் சுமார் பத்து லட்சம் மடங்கு மங்கலானது. இரண்டுக்கும் இடையே நிறமண்டலம் இருக்கிறது. முழுக் கிரகணத்தில் சில விநாடிகள் செந்நிற விளிம்பாகத் தோன்றி மறையும்.

கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பை விட்டு விலக விலகச் சூடு தணியும். சூரியனிலோ முதலில் சற்றுத் தணிந்து, பிறகு ஏறி, கொரோனாவில் பத்து லட்சம் டிகிரியைத் தாண்டுகிறது. இதற்குச் சான்று கிடைத்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1869ஆம் ஆண்டுக் கிரகணத்தில் கொரோனாவின் நிறமாலையில், அதாவது அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையில், ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. பூமியில் இல்லாத தனிமம் என்று எண்ணி அதற்குக் 'கொரோனியம்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின் குரோட்ரியான், எட்லேன் ஆகிய இரு அறிவியலாளர்களின் ஆய்வுகளால், அது தன் 26 எலெக்ட்ரான்களில் 13ஐ இழந்த சாதாரண இரும்பு என்று தெளிவாயிற்று. இரும்பை அந்த அளவுக்கு உரித்தெடுக்கப் பல லட்சம் டிகிரி வெப்பம் வேண்டும். அந்த ஆற்றலைக் காந்தப்புலமே மேலே கொண்டுசேர்க்கிறது என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். காந்த அலைகளாலா, புலக்கோடுகள் அறுந்து இணையும் சிறு வெடிப்புகளாலா என்பதில்தான் வழக்கு தீரவில்லை.

செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்து, 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட இந்திய விண்கலமான ஆதித்யா எல்1, சூரிய வட்டத்தை மறைத்துச் செயற்கைக் கிரகணம் உண்டாக்கி, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று கொரோனாவைப் பார்க்கிறது.

2031 மே 21 அன்று மதுரைப் பக்கம் தெரியப்போவதும் வளைய கிரகணமே என்பதால், அப்போதும் மகுடம் தெரியாது. அதை நம் நாட்டிலேயே கண்ணால் காண வேண்டுமானால், 2034 மார்ச் 20 அன்று, முழுக் கிரகணம் தெரியும் லடாக்கில் இருக்க வேண்டும். கம்பளிக்கு இப்போதே சொல்லி வைக்கலாம்.

அன்புடன்,
தங்கள் பேரன்