மஞ்சளுக்கு வெயிலை நம்பாதே, மா

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி போனில் அழுதுகொண்டே பேசினாய், நான் சொன்னது காதில் ஏறியிருக்காது, அதனால் எழுதுகிறேன். பையனுக்கு மஞ்சள் காமாலை தட்டுகிறது, மாமியார் காலை வெயிலில் காட்டச் சொல்கிறார் என்றாய்.

பயப்படாதே கண்ணு. பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் மஞ்சள் வரும். ரத்த அணுக்கள் உடைந்து பிலிருபின் என்கிற மஞ்சள் நிறப் பொருள் சேருகிறது, அதை வெளியேற்றப் பிஞ்சு ஈரலுக்கு இன்னும் தெம்பு போதவில்லை, பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். ஆனால் மிஞ்சி ஏறினால் மூளையைத் தாக்கும், காது கேட்காமல் போகும், அதற்கப்புறம் சரிசெய்ய முடியாது. அதனால்தான் இத்தனை சொல்கிறேன்.

ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் வைத்து மூக்கு நுனியையும் நெஞ்சையும் விரலால் லேசாக அழுத்தி எடு, தோல் வெளுக்கும் அந்த நொடியில் மஞ்சள் தெரியும். கண் வெள்ளையையும் ஈறையும் பார். தெரிந்தால் கிளினிக் போக வேண்டும், அவ்வளவுதான். எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைக் கண்ணால் கணிக்காதே, நம் மாநிறத்தில் ஏமாந்துவிடுவோம். ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

நம் தோட்டத்துச் சனங்களும் வெயிலில் போடுவார்கள், ஆட்டுப்பால் கொடுப்பார்கள், தாய்க்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள். இதையெல்லாம் நம்பி நாளைக் கடத்துவதுதான் ஆபத்து. ஆஸ்பத்திரியில் வைக்கும் நீல விளக்கு வேறு, அது பிலிருபினை மலத்திலும் மூத்திரத்திலும் வெளியேறும்படி மாற்றிவிடும். குளுக்கோஸ் தண்ணீரும் வேண்டாம். தாய்ப்பால்தான் மருந்து, ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை, தூங்கினாலும் எழுப்பிக் கொடு. எழுப்பியும் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, கீச்சுக்குரலில் அழுதாலோ, உடம்பை வில்லாக வளைத்தாலோ கிளினிக்குக்கூட வேண்டாம், நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

இன்னொன்று. பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி, அதாவது ரத்த அணுவைக் காக்கும் நொதி குறைவா என்று பார்த்திருப்பார்கள், இங்கே மலேசியாவில் எல்லாக் குழந்தைக்கும் பார்ப்பதுதான். குழந்தையின் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நர்ஸ் மிஸ்ஸியிடம் கேள். அந்தக் குறை இருந்தால் ரத்த அணு சட்டென்று உடையும், அந்துருண்டை வாசமே போதும். அக்கா பிள்ளைகளின் சட்டைகளை அனுப்பினேனே, அதில் நான் போடவில்லை, ஆனால் உன் அலமாரியில் கிடந்தால் இன்றைக்கே எடுத்து வெளியே எறி.

14 நாள் தாண்டியும் மஞ்சள் இருந்தால் மறுபடி காட்ட வேண்டும். மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தாலோ, மூத்திரம் துணியில் மஞ்சள் கறை விட்டாலோ 14 நாள் வரை காத்திருக்காதே. பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம், அதற்கு ஆபரேஷன் 2 மாதத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம்.

மாமியாரிடம் கோபப்படாதே, பேரன் மேலுள்ள பாசத்தில் சொல்கிறார், அவரையும் கூட்டிக்கொண்டு போ. மாப்பிள்ளையை இன்று லீவு போடச் சொல். ரத்தத்தில் எவ்வளவு வந்தது, மறுபடி எப்போது வரச் சொன்னார்கள், இரண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. நான் ஞாயிற்றுக்கிழமை ஈப்போ போய் ஜொகூர் பஸ் ஏறுகிறேன்.

அம்மா
சுங்கை சிப்புட்