"வழக்கமாக" என்ற ஒரு சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1707-இல் கலைந்த அவை 292 ஆண்டுகள் கழித்து ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவில் மீண்டும் கூடிய காட்சியைக் கட்டுரையாளர் விவரித்த விதம் நெஞ்சைத் தொட்டது. ஆனால், லண்டன் மனமுவந்து அதிகாரத்தைக் கொடுத்துவிட்டது என்று அவர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மனமுவந்தும் கொடுக்கவில்லை, முழுதாகவும் கொடுக்கவில்லை.

1979 வாக்கெடுப்பைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. வாக்களித்தவர்களில் 51.6 சதவீதம் பேர் தங்களுக்கென்று ஓர் அவை வேண்டும் என்றார்கள். ஆனாலும் அது வரவில்லை. மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் பேராவது ஆதரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை லண்டனிலுள்ள பிரிட்டன் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டர் முன்கூட்டியே சட்டத்தில் செருகியிருந்தது. வாக்குச்சாவடிக்கே வராதவர்களும் எதிர்த்தவர்கள் கணக்கில் சேர்ந்துபோனார்கள். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 74.3 சதவீத ஆதரவு திரண்ட பிறகுதான் கதவு திறந்தது.

ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தை உருவாக்கிய 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அமைப்பை நானும் பாராட்டுகிறேன். வெளியுறவு, பாதுகாப்பு, நாணயம் என்று லண்டன் தன்னிடம் வைத்துக்கொண்டவற்றை மட்டும் பட்டியலிட்டு, எஞ்சியதெல்லாம் ஸ்காட்லாந்துக்கு என்று விட்டது நல்ல முறை. பொது இடங்களில் புகைபிடிப்பதை இங்கிலாந்துக்கு முன்பே, 2006-இல், அவர்கள் தடை செய்ய முடிந்தது அதனால்தான்.

என் கவலை ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. ஸ்காட்லாந்துக்குரிய விஷயங்களில் அதன் நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் வெஸ்ட்மின்ஸ்டர் "வழக்கமாக" சட்டம் இயற்றாது என்பது மரபு. 2016-இல் இதைச் சட்டத்திலேயே எழுதினார்கள். அந்த "வழக்கமாக"வையும் விடாமல் சேர்த்து எழுதினார்கள். எது வழக்கம், எது விலக்கு என்று தீர்மானிப்பவர் யார்? இது அரசியல் மரபு, இதைக் காவல் காப்பது எங்கள் வேலை அல்ல என்று 2017 ஜனவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. மறு ஆண்டே சோதனை வந்தது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் மசோதாவுக்கு எடின்பரோ நாடாளுமன்றம் 93-க்கு 30 என்ற கணக்கில் சம்மதம் மறுத்தது. மசோதா அப்படியே சட்டமானது. இது வழக்கமான சூழல் அல்ல என்பது லண்டன் அரசின் வாதம். சம்மதம் கேட்பார்களாம், மறுத்தால் பொருட்படுத்த மாட்டார்களாம். இதை எப்படிச் சம்மதம் என்று சொல்வது?

மக்கள் வாக்கெடுப்பு இல்லாமல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தைக் கலைக்க முடியாது என்று அதே 2016 சட்டம் சொல்வதைக் கட்டுரையாளர் நினைவூட்டக்கூடும். அந்தச் சட்டத்தைத் திருத்த வெஸ்ட்மின்ஸ்டரில் சாதாரணப் பெரும்பான்மை போதுமே! வட அயர்லாந்தைப் பாருங்கள். 1921 முதல் அரை நூற்றாண்டு இயங்கிய அதன் நாடாளுமன்றத்தை 1972-இல் லண்டன் முடக்கியது, அடுத்த ஆண்டே ஒழித்தது. அந்த அவையின் ஆட்சியில் சிறுபான்மைக் கத்தோலிக்கருக்கு நேர்ந்த அநீதியை நான் மறைக்க வரவில்லை; தலையிட வலுவான காரணம் இருந்தது. என்றாலும், காரணம் போதுமானதா என்று முடிவு செய்தவர்களும் கொடுத்தவர்களேதான்.

ஜெர்மனியில் நாடு மாநிலங்களாகப் பிரிந்திருப்பதையும், சட்டமியற்றலில் மாநிலங்களுக்கு உள்ள பங்கையும் அரசியல் சட்டத் திருத்தத்தாலும் நீக்க முடியாது. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், மறுக்கப்பட்ட சம்மதத்தை மீறினால் நீதிமன்றத்தை நாடும் உரிமையாவது எடின்பரோவுக்கு வேண்டும். அதற்கு அந்த ஒரு சொல்லை நீக்கி, சம்மதத்தைக் கட்டாயமாக்க வேண்டும். இதைப் பற்றியும் கட்டுரையாளர் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்