தப்பாகக் கணித்தோம், காசு வாங்கிக் கணிக்கவில்லை

அன்புள்ள சந்தாதாரர்களுக்கு வணக்கம்.

போன் கம்பெனிகளின் போக்கைக் கடைக்காரர்களுக்குச் சொல்லும் நம் தாளின் இந்த மாத இதழ் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டவர்களிடம் முதலில் மன்னிப்பு. அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால், பத்து நாளாக ரீசார்ஜ் கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்புகளில் சுற்றும் அந்த ஸ்கிரீன்ஷாட். பார்க்காதவர்கள் இருந்தால் நானே சொல்லிவிடுகிறேன், எப்படியும் மாலைக்குள் உங்களுக்கும் வந்துவிடும்.

நம் 2021 ஆகஸ்ட் இதழின் முதல் பக்கம். "மார்ச்சுக்குள் மூன்று இரண்டாகும்" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. வோடபோன் ஐடியா 2022 மார்ச்சைத் தாண்டாது, தனியாரில் ஜியோவும் ஏர்டெல்லும்தான் மிஞ்சும் என்று எழுதியிருந்தோம். அதை நம்பி, அந்தக் கம்பெனிக்கு மொத்த விநியோகம் செய்துகொண்டிருந்த நம் பழைய வாசகர் ஒருவர் டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு அந்த ஏஜென்சியை விட்டுவிட்டார். கம்பெனி இன்றும் ஓடுகிறது. அந்த அண்ணன் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவே இல்லை. நான் மறுப்பது படத்துக்கு அடியில் யாரோ சேர்த்திருக்கும் ஒரு வரியை: "எவன்கிட்ட வாங்கினான்னு கேளுங்க."

சரி, கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன்.

2009-ல் ஒரு விநாடிக்கு ஒரு பைசா வந்து மார்க்கெட்டே தலைகீழானபோது ஜெராக்ஸ் தாளில் ஆரம்பித்தது இது. அப்போது ஒரு வட்டத்தில் (போன் சேவைக்காக அரசு பிரித்த பகுதி) பத்துப் பன்னிரண்டு கம்பெனிகள். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது, 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, அதற்குப் பிறகு சின்னக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டின. இத்தனை காலத்தில் எந்தக் கம்பெனியிடமும் விளம்பரமாகவோ அன்பளிப்பாகவோ ஒரு ரூபாய் வாங்கியதில்லை. வாங்கியதெல்லாம் உங்களிடம் மட்டும்தான். மறைக்காமல் சொல்லவேண்டும் என்றால், 2017-ல் ஒரு கம்பெனியின் வட்டார அலுவலகம் ஹோட்டலில் கூட்டம் போட்டுக் கூப்பிட்டது, போனேன், சாப்பிட்டேன், கிளம்பும்போது ஒரு தோள்பையும் பேனாவும் கொடுத்தார்கள். பேனா அந்த வாரமே தொலைந்தது. பை இருக்கிறது, பழைய இதழ்களை அதில்தான் போட்டுவைத்திருக்கிறோம், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

அப்புறம், இந்தக் குற்றச்சாட்டில் ஒரு கணக்கு உதைக்கிறது. வோடபோன் ஐடியா மூடும் என்று எழுதியதால் மற்ற இருவரிடமும் வாங்கினேனாம். 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் 11 முதல் 25 சதவீதம் வரை விலை ஏற்றி, ஜியோவில் 239 ரூபாய் பேக் 299 ஆகி, ஆத்திரத்தில் ஜனங்கள் பிஎஸ்என்எல்லுக்குக் கிளம்பியபோது (அந்த ஒரே மாதத்தில் அங்கே சுமார் 29 லட்சம் இணைப்பு கூடியது), "இதில் பலர் திரும்பிவிடுவார்கள், 4ஜி டவர் முழுசாக வராமல் யாரும் தங்கமாட்டார்கள்" என்று எழுதினேன். உடனே மூன்று தனியாரிடமும் வாங்கியவன் ஆனேன். அதாவது யாரை மூடச்சொன்னேனோ அவரே எனக்குக் காசும் கொடுத்திருக்கிறார்! அந்த வருடம் முடிவதற்குள்ளேயே பிஎஸ்என்எல் எண்ணிக்கை மறுபடி இறங்க ஆரம்பித்தது, அவர்களுடைய 4ஜி முறைப்படி திறக்கப்பட்டதே 2025 செப்டம்பரில்தான். அதை யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை. 2017 அக்டோபரில் ஆர்காமும் (ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ்) ஏர்செல்லும் சேரும் பேச்சு முறிந்தபோதே "ஏர்செல் சரக்கைக் குறையுங்கள்" என்று எழுதியதையும் யாரும் எடுக்கவில்லை. நாலு மாதம் கழித்து சிக்னல் போய், நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றுவதற்கான போர்ட் கோடு கிடைக்காமல் ஜனங்கள் அலைந்ததை நீங்கள் கடை வாசலில் பார்த்தீர்கள்.

புலம்பல் போதும். எங்கே தப்பு நடந்தது என்பதுதான் முக்கியம்.

2021 ஆகஸ்டில் எங்கள் மேஜையில் இருந்தவை இவை. 1999-லிருந்து கம்பெனிகள் வருமானத்தில் ஒரு பங்கை அரசுக்குக் கட்டவேண்டும் என்பது ஏற்பாடு. எது வருமானம் என்பதில்தான் வழக்கு. போன் தொழிலில் வந்தது மட்டுமா, வங்கி வட்டி, பழைய சாமான் விற்ற காசு எல்லாம் சேர்ந்ததா? 2019 அக்டோபர் 24 அன்று, எல்லாம் சேர்ந்ததுதான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஏஜிஆர் (பங்கு கணக்கிட எடுக்கும் வருமானம்) பாக்கியைக் கணக்கில் எடுத்ததால் வோடபோன் ஐடியா ஒரே காலாண்டில் காட்டிய நஷ்டம் 50,921 கோடி. 2021 ஆகஸ்டில், என் பங்கை அரசு சொல்கிற யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடுகிறேன் என்று அந்தக் கம்பெனியின் தலைவர் குமார் மங்கலம் பிர்லா எழுதிய கடிதம் வெளியே வந்தது, அதே வாரம் தலைவர் பதவியிலிருந்தும் இறங்கினார். முதலாளியே கையை விரித்தபிறகு நான் வேறென்ன எழுதுவேன்?

ஆனால் செப்டம்பர் 15 அன்று மத்திய அமைச்சரவை பாக்கி கட்ட நாலு வருடத் தவணை விடுப்பு கொடுத்தது, வட்டிக்குப் பதில் அரசுக்குக் கம்பெனியின் பங்கைக் கொடுக்கவும் வழி விட்டது. 2023-ல் 16,133 கோடி வட்டி பங்கானது, 2025 ஏப்ரலில் இன்னும் 36,950 கோடி பாக்கி பங்காகி அரசின் கையில் 48.99 சதவீதம் வந்தது. கடன்காரனே பங்காளியான கடையை யார் மூடுவார்கள்? சந்தாதாரர் எண்ணிக்கையையும் டவரையும் கடனையும் கூட்டிக் கழித்து நாங்கள் போட்ட கணக்கில், இரண்டே கம்பெனி மிஞ்சுவதை டெல்லி விரும்பாது என்பதற்கு ஒரு கட்டமே இல்லை.

கட்டம் இல்லை என்றும் சொல்லமுடியாது, அதுதான் என்னை உறுத்துகிறது. ஆறு வருடமாக டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) அறிக்கைகளைப் படித்து அட்டவணை போட்டுக்கொடுத்த தங்கச்சியை உங்களில் பலருக்குப் போனில் பழக்கம். மொத்த இணைப்பை நம்பாதீர்கள், விஎல்ஆர் கணக்கைப் (நெட்வொர்க்கில் உண்மையில் இயங்கும் சிம் எண்ணிக்கை) பாருங்கள், பையில் தூங்கும் இரண்டாவது சிம்முக்கும் ஓடுகிற சிம்முக்கும் வித்தியாசம் அங்கேதான் தெரியும் என்று உங்களுக்குப் பழக்கிவிட்டதே அவர்தான். அந்த இதழுக்கு அவர் எழுதிக்கொடுத்த தலைப்பு "அரசு சும்மா இருந்தால், மார்ச்சுக்குள் மூன்று இரண்டாகும்". தலைப்பு இரண்டு வரி போகிறது, பார்க்க நன்றாக இல்லை என்று முதல் மூன்று வார்த்தைகளை வெட்டியது நான். உள்ளே நாலாம் பக்கத்தில் அது இருக்கிறது. ஆனால் நாலாம் பக்கத்தைப் படித்துவிட்டா ஒருவர் ஏஜென்சியை விடுவார்? அண்ணனிடம் போன் செய்து இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், சந்தாவை நிறுத்தச் சொல்லவில்லை என்றார்.

தங்கச்சிக்குப் பெரிய நிறுவனத்தில் வேலை கிடைத்துப் போன மாதம் போய்விட்டார். நல்ல சம்பளம், போகவேண்டியதுதான். அவர் அரை நாளில் போடும் அட்டவணை எனக்கு நாலு நாள் ஆகிறது, இதழ் தாமதமானதற்குக் காரணம் இவ்வளவுதான். வாடகையும் ஏறிவிட்டது. ஆகவே அடுத்த இதழிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒன்று, வருடச் சந்தா 600 என்பது 750, ஏற்கெனவே கட்டியவர்களுக்கு மீதியை இதழ் எண்ணிக்கையில் இல்லாமல் மாதக் கணக்கில் வைத்துக்கொள்கிறோம்.

ஜெராக்ஸ் காலத்திலிருந்து கூடவே வருகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கமிஷன் தேய்ந்து, பாதி ஜனங்கள் தங்கள் போனிலேயே ரீசார்ஜ் போட ஆரம்பித்தபிறகும், கடையில் கவர், சார்ஜர் விற்றுக்கொண்டே இந்தத் தாளுக்குக் காசு ஒதுக்குகிறீர்கள். இந்தப் பத்து நாளில் எனக்காகக் குரூப்பில் சண்டை போட்ட ஒவ்வொருவர் பெயரையும் எழுதிவைத்திருக்கிறேன். ரொம்ப நன்றி. சண்டை மட்டும் இனி வேண்டாம், இந்த மடலை ஃபார்வர்ட் செய்தால் போதும்.

அடுத்த விலையேற்றம் எப்போது என்று தினமும் நாலு பேர் கேட்கிறீர்கள். அது வரும் இதழில் இருக்கிறது, தலைப்பு இரண்டு வரி போகும். சந்தாவைப் பழைய எண்ணுக்கே அனுப்பலாம். போனை இப்போது நான்தான் எடுக்கிறேன், மதியம் மூன்று மணிக்குமேல் கூப்பிட்டால் நல்லது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர் (இப்போதைக்கு அட்டவணையும் அவரே)