ஆண்டறிக்கை: நாலு மைதானம் மூன்றான கதை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பொங்கல் விருந்து, சீருடை, பயிற்சியாளர் பதிவு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. அதனால் நேராகப் பூங்கா விஷயத்துக்கு வருகிறேன், இந்த வருஷம் நம் நேரத்தை எல்லாம் தின்றது அதுதான்.

பூங்காவின் பின்பக்கம் சும்மா கிடக்கும் புல்வெளியில் பிள்ளைகளுக்கு பேஸ்பால் மைதானம் அமைக்கலாம், யோசனை சொல்லுங்கள் என்று நிர்வாகம் கேட்டதும் நான் ஒரு படம் போட்டேன். நாலு இதழ்ப் பூ மாதிரி நாலு மைதானம், நாலு ஹோம் பிளேட்டும் (மட்டை பிடிக்கிற பிள்ளை நிற்கும் இடம்) நடுவே முதுகோடு முதுகாக, மையத்தில் தின்பண்டக் கடையும் கழிப்பறையும். இங்கே அமெரிக்காவில் பல ஊர்களில் இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள், இரண்டு பிள்ளைகள் இரண்டு அணியில் ஆடினாலும் அப்பா நின்ற இடத்திலிருந்தே இரண்டையும் பார்த்துவிடலாம். செயற்குழு கைதட்டியது. நானும் கொஞ்சம் மிதப்பில்தான் இருந்தேன்.

அப்புறம் மே மாதக் கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து, "ஊரில் கிரிக்கெட் பிட்சை வடக்கு தெற்காகத்தானே போடுவார்கள், இதற்குத் திசை ஒன்றும் கிடையாதா?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. வீட்டுக்குப் போய்த் தேடினால் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது: ஹோம் பிளேட்டிலிருந்து பிட்சர் மேடை (பந்து வீசும் இடம்) வழியாக, ஓடுகிறவர்கள் தொட வேண்டிய பேஸ்களில் நேர் எதிரே இருக்கும் இரண்டாம் பேஸுக்குப் போகும் கோடு கிழக்கு வடகிழக்கைப் பார்ப்பது நல்லது. அப்படி வைத்தால் சாயங்கால வெயில் மட்டை பிடிக்கிற பிள்ளைக்கு முதுகுப் பக்கம் போய்விடும். வலது ஓரத்தில் ஃபீல்டிங் நிற்கும் பிள்ளைக்கு என்னவோ கண் கூசத்தான் செய்யும், ஆனால் மட்டை பிடிக்கிற பிள்ளை 46 அடி தூரத்திலிருந்து வரும் பந்து கண்ணுக்குத் தெரியாமல் நிற்பதை விட அது தேவலை.

என் பூவில் இரண்டு இதழ் மேற்கைப் பார்த்தன. நம் ஆட்டங்களோ வார நாட்களில் மாலை 6 மணிக்குத் தொடங்குகின்றன, இங்கே நியூ ஜெர்சியில் ஜூன் கடைசியில் சூரியன் மறைய 8.30 ஆகிறது, அதாவது ஆட்டம் முழுக்க வெயில்தான். போதாக்குறைக்கு, பக்கத்து ஊரில் இதே மாதிரி ஒரு வளாகத்தைப் பார்க்கப் போனபோது, ஃபவுல் பந்து (கோட்டுக்கு வெளியே போன அடி) ஒன்று தலைக்கு மேலாக வந்து நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்த மேசையில் விழுந்தது. நாலு பக்கத்து ஃபவுலும் நடுவில்தானே விழும், எனக்கு அது தோன்றவே இல்லை.

ஆக, புது வரைபடத்தில் மூன்று மைதானம். பேஸுக்கு பேஸ் 60 அடி உள்ளது ஒன்று, பெரிய பிள்ளைகளுக்கு 70 அடி உள்ளது ஒன்று, இரண்டும் கிழக்கு வடகிழக்கு நோக்கி. மூன்றாவது, ஸ்டாண்டில் வைத்த பந்தை அடிக்கிற குட்டிகளுக்கான டீபால். அது மேற்கைப் பார்த்தே இருக்கும், ஏனென்றால் அவர்கள் சனிக்கிழமை காலையில் மட்டும் ஆடுகிறார்கள், அந்நேரம் வெயில் பின்னால் இருக்கும். இந்த யோசனையும் அதே அம்மாவுடையதுதான். மிச்ச மூலையில் ஓக் மரங்களை வெட்டாமல் விடலாம், பெற்றோர் நிழலில் உட்காரட்டும்.

தண்ணீர் பற்றியும் இரண்டு வார்த்தை. இப்போது ஆடும் மைதானத்தில் மழை நின்று ஒரு நாள் ஆனாலும் இரண்டாம் பேஸில் குட்டை நிற்கிறது. மண் மட்டும் காரணம் இல்லை, சமன் செய்ய வலை இழுக்கும்போதெல்லாம் மண் ஓரத்துக்கு ஒதுங்கி, புல் தொடங்கும் இடத்தில் வரப்பு மாதிரி ஏறிவிடுகிறது, தண்ணீருக்குப் போக வழியில்லை. புது இடத்தில் 100 அடிக்கு ஓர் அடி சரிவு கேட்டிருக்கிறோம். பழைய இடத்தில் வரப்பை எடுக்கப் போன முறை வந்தவர்கள் நாலே பேர், அதில் இரண்டு பேர் பாட்டிமார். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

டக்அவுட்டுக்கு (அணி உட்காரும் இடம்) சக்கர நாற்காலி போகும் பாதை வரைபடத்தில் வந்துவிட்டது. விளக்குக்குப் பணம் இல்லை. வேலியின் உயரம் முடிவாகவில்லை, அதை இன்றே பேசி முடித்துவிட்டால் திங்கட்கிழமை வரைபடத்தை நிர்வாகத்திடம் கொடுத்துவிடுவேன்.

செயலாளர்